மனநோயும் வீடின்மையும்: இருக்க இடம் தருவது சிகிச்சையின் பகுதியே

பம்பாய் நகரின் ஓரப் பகுதியாக இருந்த மாட்டுங்காவில், 1890ஆம் ஆண்டில், வீடற்ற தொழுநோயாளருக்கென்று ஒரு விடுதி நிறுவப்பட்டது. அக்காலத்தில் நகராட்சி ஆணையராக இருந்த ஆக்வர்த் என்பவர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அதனைத் தோற்றுவித்தார். வீதிகளிலும் கோயில் வாயில்களிலும் கிடந்த நோயாளர் அங்குக் கொண்டு சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு உணவும் உடையும் கிடைத்தன. நகரத்தார் கண்ணுக்கு அவர்கள் படாமலும் போயினர். இவ்விரு பயன்களுள் எது முதன்மையானது என்பதை அந்நாளில் எவரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1898இல் தொழுநோயாளரைப் பிரித்து வைப்பதற்கு இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டமே இயற்றப்பட்டது.

பின்னர் விஞ்ஞானம் வேறு வழியைக் காட்டிற்று. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. அதன்பின் நோயாளி தம் வீட்டிலிருந்தபடியே மாத்திரை உட்கொண்டு குணமடைவது வழக்கமாயிற்று. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. ஆக்வர்த் பெயரைத் தாங்கிய அம்மருத்துவமனை வடாலாவில் இன்றும் உள்ளது. ஆயினும் தொழுநோயாளர் அனைவரையும் மதிற்சுவருக்குள் அடைக்க வேண்டுமென்று இன்று எவரும் வாதிப்பதில்லை.

அன்று தொழுநோயாளர் இருந்த நிலையில் இன்று அதே நகரத்தில் இருப்பவர், வீடும் இன்றி மனநோயும் உற்றவர். அவரைக் கண்டதும் பெரும்பாலோர் மனத்தில் எழும் முதல் எண்ணம், 'எங்கேனும் கொண்டு சேர்க்க வேண்டும்' என்பதே. அந்த 'எங்கேனும்' என்பது எங்கே இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வீதியும் நோயும்

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் நாள் இரவில், நடைபாதை, ரயில் நிலையம், மேம்பாலத்தின் அடி, கோயில் மண்டபம் ஆகிய இடங்களில் உறங்குவோர் தனியே எண்ணப்பட்டனர். நாடு முழுவதும் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடற்றோராகக் கணக்கில் வந்தனர். இவர்களுள் மனநோயுற்றோர் எத்தனை பேர் என்பதை அக்கணக்குக் கூறவில்லை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிலையம் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனக்கோளாறு இருப்பதாகக் கண்டது. எனினும் அது வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு. வீடே இல்லாதவர் கதவை எந்த ஆய்வாளர் தட்ட முடியும்?

மனநோய் ஒருவரை வீதிக்குத் தள்ளுகிறது. வீதி அந்நோயை முற்றச் செய்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சிந்தைச் சிதைவு நோய் கண்ட ஓர் இளைஞர் முதலில் வேலையை இழக்கிறார். பிறகு உறவினரின் பொறுமையை இழக்கிறார். ஒரு நாள் ஏதோ ஒரு ரயிலில் ஏறி, மொழி அறியாத மும்பையில் இறங்குகிறார். அங்கே இரவெல்லாம் விளக்கொளியும் வண்டிகளின் இரைச்சலும். தூக்கமின்மை நோயை மிகுவிக்கும் என்பது மருத்துவர் அனைவரும் அறிந்ததே. பசி, களவு, அடி, பெண்களாயின் அதனினும் கொடிய துன்பங்கள் ஆகியவை தொடர்கின்றன.

இந்நிலையில் மருந்து மட்டும் கொடுப்பதால் என்ன நேரும் என்பதைக் களப்பணியாளர் நன்கு அறிவர். மனநோய்க்குரிய மருந்துகளுள் பல உறக்கத்தைத் தருபவை. வீட்டில் உறங்குபவருக்கு அது நலம்; நடைபாதையில் தனித்துக் கிடக்கும் பெண்ணுக்கோ அயர்ந்த உறக்கமே ஆபத்து. ஆகவே அவர் மாத்திரையை எறிந்துவிடுகிறார். இதனை அறியாமை என்று சொல்லுதல் தகாது. அவர் நிலையில் அது தற்காப்பேயாகும். மாதம் ஒரு முறை ஊசி போடலாம் எனின், அடுத்த மாதம் அதே நாளில் அவரை எங்கே தேடுவது? முகவரி இல்லாத இடத்தில் மருத்துவம் வேர் பிடிப்பதில்லை.

சட்டங்கள் இரண்டு

இத்தகையவர் விஷயத்தில் மகாராஷ்டிரத்தில் இரண்டு சட்டங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று 1959ஆம் ஆண்டின் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம். இதன்படி இரவலர் எனக் கருதப்படுபவரைப் பிடித்து, முதல் தடவையிலேயே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இல்லத்தில் அடைத்து வைக்கலாம். தொழுநோயாளரையும் மனநோயாளரையும் அடைத்து வைப்பது குறித்து இச்சட்டத்தில் ஒரே பிரிவில் கூறியிருப்பது கருதத்தக்கது. செம்பூரிலுள்ள இரவலர் இல்லம் இச்சட்டத்தின் வழி வந்ததே. டாடா சமூக விஞ்ஞான நிலையம் 2006இல் தொடங்கிய 'கோஷிஷ்' என்னும் பணித்திட்டத்தின் ஊழியர் இவ்வில்லத்தில் இருப்போரிடையே பணியாற்றி, இரவலர் என்று பிடிக்கப்படுவோருள் கூலி வேலை செய்து பிழைப்போரும் நோயாளரும் உள்ளனர் என்பதை வெளிப்படுத்தினர். டில்லி உயர்நீதிமன்றம் 2018இல், டில்லியைப் பொறுத்தவரை, இரத்தலைக் குற்றமாக்கும் விதிகள் செல்லா எனத் தீர்ப்பளித்தது.

மற்றது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. மனநோயுற்று அலைந்து திரிபவரைக் காவல் நிலையத்தில் அடைத்தலாகாது. 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். அவர் வீடற்றவராயின் அவர்தம் குடும்பத்தைத் தேடிக் கண்டறிய வேண்டும் என்று இச்சட்டத்தின் 100ஆம் பிரிவு விதிக்கிறது. வீடற்றோருக்குச் சிகிச்சை இலவசம். அட்டை எதுவும் காட்டவேண்டுவதில்லை. 19ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குடும்பம் இல்லை என்பதற்காகவோ, வீடு இல்லை என்பதற்காகவோ எவரையும் மருத்துவமனையிலேயே வைத்திருத்தல் கூடாது. அவர் சமுதாயத்தில் வாழ்வதற்கேற்ற இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசாங்கம் அமைக்க வேண்டும் என அப்பிரிவு கூறுகிறது.

எழுத்தில் உள்ள இவ்வுரிமை நடைமுறையில் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை 2019இல் வெளியான ஓர் அறிக்கை காட்டிற்று. நாட்டிலுள்ள 43 அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தோருள் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஓராண்டும் அதற்கு மேலுமாக அங்கேயே தங்கியிருந்தனர். இவர்களுள் பலர் செல்ல இடமின்மையாலேயே தங்கியவர்கள். சிகிச்சை முடிந்தவர் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. சிகிச்சை வேண்டுபவருக்குப் படுக்கை இல்லை. இவ்விரு துன்பங்களுக்கும் காரணம் ஒன்றே.

குடும்பத்தாரிடம் சேர்த்தல்

மும்பையைச் சேர்ந்த மனநோய் மருத்துவர் பரத் வாட்வானியும் அவர்தம் துணைவியாரும் 1988இல் 'சிரத்தா' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினர். வீதியில் கிடக்கும் மனநோயாளரை அழைத்து வந்து, சிகிச்சை அளித்து, நினைவு தெளிந்தபின் சொந்த ஊரை அவர்தம் மொழியிலேயே கேட்டறிந்து, ரயிலேற்றி வீட்டில் கொண்டு சேர்ப்பது இதன் முறை. 2006 முதல் கர்ஜத்தில் இதற்கெனத் தனி நிலையம் உள்ளது. இப்பணிக்காக 2018இல் வாட்வானிக்கு மகசேசே பரிசு அளிக்கப்பட்டது. இறந்துவிட்டார் என்று எண்ணிய மகன் வாயிலில் வந்து நிற்கும்போது தாய் அடையும் மகிழ்ச்சிக்கு ஈடு சொல்ல இயலாது. முதலில் முயல வேண்டிய வழி இதுவே என்பதில் ஐயமில்லை.

எனினும் எல்லோருக்கும் திரும்பிச் செல்ல வீடு இருப்பதில்லை. பெற்றோர் மறைந்திருப்பர், உடன்பிறந்தார் ஏற்க மறுப்பர், கணவர் வேறு மணம் செய்து கொண்டிருப்பார். சிலருக்கு அவ்வீடே நோயின் காரணமாக இருந்திருக்கும். இவர்களை என் செய்வது?

இவ்வினாவிற்குத் தவறான விடை ஒன்றும் உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. கூரையும் சோறும் தருவதே போதும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். அக்காப்பகத்திலும் கூரை இருந்தது. அக்கூரைக்குள் இருந்தவருக்கு உரிமை என்பதே இல்லை.

சென்னையின் அனுபவம்

வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இரு பெண்மணிகள் 1993இல் சென்னையில் 'பான்யன்' என்னும் அமைப்பை நிறுவினர். வீதியில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்கு 'அடைக்கலம்' என்னும் இல்லத்தில் சிகிச்சை அளித்து, இயன்றவரை குடும்பத்துடன் சேர்த்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, திரும்ப இயலாதவர் தொகை இல்லத்தில் பெருகிற்று. அவர்கள் நோயாளரும் அல்லர்; குடிமக்களாக வாழவும் இடமில்லை.

இதற்குத் தீர்வாக 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்னும் முறை தொடங்கப்பட்டது. முறை மிக எளியது. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கின்றனர். அதில் நால்வர் அல்லது ஐவர் ஒரு குடும்பம்போல் வாழ்கின்றனர். யாருடன் வாழ்வது என்பதில் அவரவர் விருப்பம் கேட்கப்படுகிறது. சமைத்தல், கடைக்குச் செல்லுதல், கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போதல், இயன்ற வேலை செய்தல் ஆகியவற்றை அவர்களே செய்கின்றனர். உள்ளூரைச் சேர்ந்த உதவியாளர் வேண்டிய அளவிற்கு உடனிருந்து துணை புரிகின்றனர். மருந்தும் மருத்துவர் ஆலோசனையும் தொடர்கின்றன. வீட்டிற்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாயிலில் காவலாளி கிடையாது. அண்டை வீட்டார் அதனை மற்றொரு குடித்தனமாகவே காண்கின்றனர். தமிழ்நாட்டில் தொடங்கிய இம்முறை கேரளம், அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களிலும், மகாராஷ்டிரத்து ரத்னகிரியிலும் பரவியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமுதாய மனநலப் பணி வழிகாட்டியில், பின்பற்றத்தக்க முறைகளுள் ஒன்றாக இதனை எடுத்துக் கூறியது.

ஆராய்ச்சி கூறுவது

மேலை நாடுகளிலும் இவ்விஷயம் ஆராயப்பட்டுள்ளது. வீதியிலிருப்பவர் முதலில் குணமடைய வேண்டும், குடியை விட வேண்டும், விதிகளுக்கு அடங்க வேண்டும், அதன்பின்னரே வீடு என்பது அங்குப் பழைய வழக்கம். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலார் இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, பின்னர் அவர் இசைவின்படி சிகிச்சை என்பது அவரது கொள்கை. 2009 முதல் 2013 வரை கனடா நாட்டின் 5 நகரங்களில், மனநோயுற்ற வீடற்றோர் 2,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு இக்கொள்கை சோதிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு வீடும் துணையும் அளிக்கப்பட்டன. மற்றொரு சாரார் வழக்கமான உதவிகளைப் பெற்றனர். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் முதற்சாராருள் 62 சதவீதத்தினர் இடையறாது வீட்டில் வாழ்ந்தனர். மறுசாராருள் 31 சதவீதத்தினரே அவ்வாறு வாழ்ந்தனர். வாழ்க்கைத் தரத்திலும் முதற்சாராரே ஓரளவு மேம்பட்டு நின்றனர்.

எனினும் அதே ஆய்வு கூறும் மற்றொரு உண்மையை மறைத்தல் தகாது. மனநோயின் அறிகுறிகள் இரு சாராரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தன. வீடு கிடைத்த மாத்திரத்தால் செவியில் ஒலிக்கும் குரல்கள் அடங்கிவிடவில்லை. வீட்டையே மாமருந்தாகப் புகழ்வோருக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் நிதானித்து நோக்கின், இம்முடிவு துணையுள்ள வீட்டின் அவசியத்தைக் குறைக்கவில்லை. அதன் தன்மையைத் தெளிவாக்குகிறது. அறிகுறிகளைக் குறைப்பது மருந்தின் வேலை, பேச்சுச் சிகிச்சையின் வேலை. அறிகுறிகள் எஞ்சியிருக்கும்போதே ஒருவர் கதவைத் தாழிட்டு உறங்கவும், விரும்பியதைச் சமைத்து உண்ணவும், அண்டையாரிடம் பேசவும், நாளை என்பதொன்று உண்டு என்று எண்ணவும் இயலுமாறு செய்வது வீட்டின் வேலை. நீரிழிவு உள்ளவர் அந்நோயுடனேயே மனிதராக வாழ்கிறார். மனநோயாளருக்கு மட்டும் 'முழுதும் குணமான பின்னரே வாழ்க்கை' என்று நிபந்தனை விதிப்பது நியாயமாகாது.

மும்பையில் இயலுமா?

இங்கு மூன்று தடைகள் எடுத்துரைக்கப்படுவது வழக்கம்.

முதலாவது, வீட்டுப் பஞ்சம். உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பங்களே தாராவியில் ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேராக வாழும்போது, மனநோயாளருக்கு வீடு தேடுவது நடக்கக்கூடியதா என்று கேட்கின்றனர். இக்கேள்வியை அலட்சியம் செய்தலாகாது. ஆனால் நகரத்தில் குடிசைகளுக்கு மாற்றாகப் புதிய கட்டடங்கள் எழுப்பப்பட்டு வருகின்றன. தாராவி முழுவதையும் சீரமைக்கும் திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது. அவற்றில் எவருக்கு வீடு என்பது பத்திரங்களைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. நடைபாதையில் கிடப்பவரிடம் ரேஷன் அட்டையும் இல்லை, மின்சார ரசீதும் இல்லை. இன்று இவர்களுக்கென ஒரு சில வீடுகளை ஒதுக்காவிடில், கட்டடங்கள் எழும்பிய பின்னர் ஒதுக்க எதுவும் எஞ்சியிராது. ஒரு கட்டடத் தொகுதிக்கு ஒரு வீடு என்பது பெரிய பங்கு அன்று.

இரண்டாவது, வாடகை ஒப்பந்தம். மும்பையில் 11 மாத உரிமப் பத்திரம், முன்பணம், தரகர் கூலி, காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரப் பதிவு, குடியிருப்புச் சங்கத்தின் இசைவு என்று படிகள் பல. மனநோயாளர் தம் பெயரால் இவற்றைத் தாண்டுதல் அரிது. பொறுப்புள்ள ஸ்தாபனமோ அரசாங்கத் துறையோ தன் பெயரால் ஒப்பந்தம் செய்து கொள்வதே இதற்கு வழி. இரவுத் தங்குமிடங்கள் இதற்கு ஈடாகா. வீடற்றோர் தங்குமிடத்தில் ஒருவருக்கு 50 சதுர அடி என்று மத்திய அரசின் திட்டம் விதித்துள்ளது. அங்கு 50 பேருக்குக் குறையாமல் தங்குவர். இரைச்சலும் கூட்டமும் மிக்க அவ்விடத்தில் மனநோயாளர் நெடுநாள் நிலைப்பதில்லை.

மூன்றாவது, அண்டையாரின் அச்சம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு குடியிருப்பில் இத்தகைய வீடு வருமெனின், 'குழந்தைகள் உள்ள இடம்' என்ற எதிர்ப்பு எழக்கூடும். சிகிச்சை பெறும் மனநோயாளருள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்பவர் அல்லர். அவர்களே பிறர் கொடுமைக்கு ஆளாகின்றனர். இதனைச் சொற்பொழிவால் நிலைநாட்டுவது கடினம். மாலையில் மாடிப்படியில் எதிர்ப்படும் ஒருவர் வணக்கம் கூறிச் செல்வதை ஆறு மாதம் கண்டபின், அச்சம் தானே விலகுவது உண்டு.

களப்பணியாளரும் ஆசிரியரும்

இவ்விஷயத்தில் சட்டமும் பணமும் மேலிடத்திலிருந்து வர வேண்டியவை. ஆனால் முதல் அடி எடுத்து வைப்பவர் களப்பணியாளரே. வீதியில் மனநோயாளர் ஒருவரைக் காணும்போது அவர் கிடக்கும் இடம், நேரம், பேசும் மொழி, உடல்நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் அவரை வண்டியில் ஏற்ற முயலாது, சில நாட்கள் தொடர்ந்து சென்று தேநீரோ உணவோ கொடுத்துப் பழகுதல் நலம். உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் தாமதம் கூடாது. காவலரிடம் தெரிவிக்கையில் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தை அன்று, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100ஆம் பிரிவையே சுட்டிக் கூற வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒருவருக்கு மருத்துவமனைக்கும் அடைப்புக்கும் உள்ள வேறுபாடாகும். ஆலோசனை தேவைப்படின், 2022 முதல் இயங்கிவரும் 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிப் பணியை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஆசிரியரின் பங்கும் சிறிதன்று. தெருவில் திரிபவர்மீது கல்லெறியும் சிறுவர் அச்செயலைப் பெரியோரின் பேச்சிலிருந்தே கற்கின்றனர். 'பைத்தியம்' என்ற சொல்லை வகுப்பறையில் வசைச் சொல்லாக வழங்கவிடாமல் காத்தலே ஒரு தொடக்கம். மும்பையில் தமிழ் வழி நகராட்சிப் பள்ளிகளின் ஆசிரியருக்கு மற்றுமோர் வாய்ப்பு உண்டு. திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வழி தவறி வந்த ஒருவர், இந்தியிலும் மராத்தியிலும் கேட்கும் கேள்விகளுக்கு வாய் திறவாது இருப்பார். மருத்துவர் அதனை நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொள்வதும் நேரலாம். 'அண்ணாச்சி, எந்த ஊரு?' என்று ஒரு தமிழ் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு அவர் விடை கூறக்கூடும். அவ்விடையே பல சமயம் ஊரின் பெயராகவும், வீட்டிற்குச் செல்லும் வழியாகவும் அமையும்.

அந்த வழி அடைபட்டிருப்பின், இங்கேயே அவருக்கு ஒரு வீடு வேண்டும். அது நகருக்கு வெளியே மதில் சூழ்ந்த இடத்தில் இருத்தலாகாது. கடைத்தெருவும் பால்காரரும் பள்ளி மணியோசையும் உள்ள தெருவில் இருத்தல் வேண்டும். மாட்டுங்காவில் 1890இல் தொடங்கிய வழியை விட்டு விலகுவதற்குத் தொழுநோயாளர் விஷயத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மனநோயாளர் விஷயத்தில் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. முறையும் அருகிலேயே கண்டறியப்பட்டுள்ளது. எஞ்சியிருப்பது வாடகைக்கு ஒரு வீடும், அதற்கு இசையும் அண்டை வீட்டாருமே.